குவாண்டம் இரகசியப் பகிர்வு

குவாண்டம் இரகசியப் பகிர்வு என்பது, ஓர் இரகசியத்தைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்கள் ஒன்றுகூடினால் மட்டுமே அதனை மீட்டெடுக்க முடியுமாறு செய்யும் குவாண்டம் மறைகுறியீட்டு முறைகளின் பொதுப்பெயர் ஆகும். இவற்றுட் பல முறைகள் துகள்களின் பின்னிப்பிணைந்த நிலைகளைப் பயன்படுத்துகின்றன. பங்கு பெற்றவர்களுள் ஒருவரோ, தேவையான எண்ணிக்கைக்குக் குறைந்த சிலரோ தம்மிடமுள்ள பங்குகளைக் கொண்டு இரகசியத்தின் எப்பகுதியையும் அறிய முடியாது. பங்குகளை அனுப்பும் வழியில் எவரேனும் ஒற்றுக் கேட்டால் அதனைக் கண்டறியக்கூடிய வாய்ப்பும் இம்முறைகளில் உண்டு.

இத்துறையின் அடிப்படை ஆய்வுக்கட்டுரைகள் 1999 ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றுள் மார்க் ஹில்லரி, விளாடிமிர் பூஷெக், ஆந்த்ரே பெர்தியோம் ஆகிய மூவரும் முன்வைத்த முறை பரவலாக அறியப்பட்டதாகும். இத்துறையில் இருவகைப் பணிகள் வேறுபடுத்தப்படுகின்றன. பங்கிடப்படும் இரகசியம் சாதாரண பிட்டுகளாக இருப்பது ஒரு வகை. இரகசியமே அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையாக இருப்பது மற்றொரு வகை.

பின்னணி: மரபுவழி இரகசியப் பகிர்வு

ஒரு வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தை ஒருவரே திறக்க முடியாதபடி இரண்டு சாவிகளை இருவரிடம் கொடுத்து வைப்பது வழக்கம். ஒருவர் நேர்மை தவறினாலும் மற்றவர் உடன்படாமல் பெட்டகம் திறவாது. இதே கருத்தை எண்களுக்குப் பயன்படுத்துவதே இரகசியப் பகிர்வு ஆகும். 1979 ஆம் ஆண்டில் ஆதி ஷமீர், ஜார்ஜ் பிளேக்லி ஆகிய இருவரும் ஒருவரையொருவர் சாராமல் இதற்கான கணித முறைகளை வெளியிட்டனர். ஷமீரின் முறை பல்லுறுப்புக் கோவைகளையும், பிளேக்லியின் முறை வடிவியலையும் அடிப்படையாகக் கொண்டவை.

மிக எளிய முறை இருவருக்கிடையிலான பகிர்வு ஆகும். ஒரு செய்தி 1100 என்னும் நான்கு பிட்டுகளால் ஆனது என்க. தற்போக்காகத் தேர்ந்த 0101 என்னும் தொடர் முதல்வருக்குத் தரப்படும். இரு தொடர்களிலும் ஒரே இடத்திலுள்ள பிட்டுகள் ஒன்றாயின் 0, வேறாயின் 1 என எழுதினால் 1001 கிடைக்கும். இது இரண்டாமவருக்குத் தரப்படும். (இச்செயலை இக்கட்டுரையில் பிட்டுக் கூட்டல் எனக் குறிப்போம்.) தனித்தனியே இரண்டும் பொருளற்ற தற்போக்குத் தொடர்கள். இரண்டையும் பிட்டுக் கூட்டல் செய்தால் 1100 மீண்டும் கிடைக்கும்.

ஷமீரின் முறையில் பங்கு பெற்ற அனைவரும் கூட வேண்டியதில்லை. குறித்த ஓர் எண்ணிக்கையினர் கூடினால் போதும். எடுத்துக்காட்டாக, மூவருள் எந்த இருவரும் 7 என்னும் இரகசிய எண்ணை மீட்கலாம் என அமைக்க வேண்டும் என்க. எல்லாக் கணக்கும் 11 ஆல் வகுத்து வரும் மீதியைக் கொண்டு செய்யப்படும். 7 இலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடிக்கும் 3 கூடும் ஒரு நேர்கோடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. அடிக்கு எவ்வளவு கூடும் என்பது தற்போக்காக முடிவு செய்யப்படுவது. முதல்வர் பெறுவது 10. இரண்டாமவர் பெறுவது 13 இன் மீதியான 2. மூன்றாமவர் பெறுவது 16 இன் மீதியான 5. இரு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கும். ஆகவே எந்த இருவர் கூடினாலும் கோட்டின் தொடக்கமான 7 ஐக் கண்டுபிடிக்கலாம். ஒரு புள்ளி வழியாகவோ எத்தனையோ கோடுகள் செல்லும் என்பதால், தனியொருவருக்கு 0 முதல் 10 வரையிலான எல்லா எண்களும் சம வாய்ப்புடையனவாகவே தோன்றும்.

இவ்வகைப் பகிர்வு நடைமுறையிலும் பயன்பட்டுள்ளது. இணையப் பெயர்களின் மூலப் பட்டியலுக்குக் கையொப்பமிடும் முறை 2010 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, பேரிடர்க் காலத்தில் அதன் திறவுகோலை மீட்பதற்கான இரகசியம் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த எழுவருக்குப் பங்கிடப்பட்டது. எழுவருள் ஐவர் கூடினால் மீட்கலாம் என்பது ஏற்பாடு.

மரபுவழி முறையின் குறை

ஷமீரின் முறை கணித அடிப்படையில் குறையற்றது. எவ்வளவு வேகமான கணினியாலும் ஒரு பங்கிலிருந்து இரகசியத்தை உடைக்க முடியாது. குறை இருப்பது பங்குகளை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதில் ஆகும். பங்கு என்பது ஒரு எண். எண்ணைப் படியெடுத்தால் மூலத்தில் எவ்விதத் தடயமும் இராது. வழியில் ஒருவர் எல்லாப் பங்குகளையும் படித்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டால், அனுப்பியவரோ பெற்றவர்களோ அதனை அறியமாட்டார்கள். அதிலும், வழியில் படிப்பவர் பங்குதாரர்களுள் ஒருவராகவே இருப்பின், பகிர்வின் நோக்கமே அழிந்துவிடும். ஏனெனில் ஒருவரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காகவே பகிர்வு செய்யப்படுகிறது.

குவாண்டம் நிலைகளுக்கு இக்குறை இல்லை. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையைப் பிழையின்றிப் படியெடுக்க இயலாது என்பதை 1982 ஆம் ஆண்டில் வில்லியம் ஊட்டர்ஸ், வொய்ச்சேக் சூரெக் ஆகியோரும், தனியாக டென்னிஸ் டீக்ஸ் என்பவரும் நிறுவினர். இது படியெடுக்கவியலாத் தேற்றம் எனப்படுகிறது. அளவிடுதல் நிலையை மாற்றும் என்பதும் குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைப் பண்பாகும். இவ்விரண்டையும் கொண்டு, இருவருக்கிடையே இரகசியத் திறவுகோலை உருவாக்கும் முறையை சார்லஸ் பென்னெட், கில் பிராசார்ட் ஆகியோர் 1984 இல் முன்வைத்தனர். பின்னிப்பிணைந்த துகள்களைக் கொண்டு அதனைச் செய்யும் முறையை ஆர்தர் எக்கெர்ட் 1991 இல் முன்வைத்தார். குவாண்டம் இரகசியப் பகிர்வு இவற்றின் தொடர்ச்சியே ஆகும்.

மூன்று துகள்களின் பின்னிப்பிணைந்த நிலை

ஒரு பிட் 0 அல்லது 1 ஆக இருக்கும். ஒரு கியூபிட் இவ்விரண்டின் மேற்பொருந்தலாகவும் இருக்கலாம். ஒரு ஃபோட்டானின் முனைவாக்கம் கியூபிட்டுக்கு எடுத்துக்காட்டு. டேனியல் கிரீன்பெர்கர், மைக்கேல் ஹோர்ன், அன்டன் சைலிங்கர் ஆகியோர் 1989 ஆம் ஆண்டில், பின்வரும் மூன்று கியூபிட் நிலையைப் போன்ற பல துகள் நிலைகளின் தனித்தன்மையை எடுத்துக்காட்டினர்.

|000⟩ + |111⟩

(நிகழ்தகவுகளின் கூடுதல் 1 ஆவதற்காக இது √2 ஆல் வகுக்கப்படும்.) இந்நிலை அம்மூவரின் பெயராலேயே கிரீன்பெர்கர்-ஹோர்ன்-சைலிங்கர் நிலை எனப்படுகிறது. மூன்று ஃபோட்டான்களைக் கொண்டு இதனை உருவாக்கிய சோதனையின் முடிவுகள் 1999 இல் வெளியாயின. சைலிங்கர் பின்னர், பின்னிப்பிணைந்த ஃபோட்டான்கள் குறித்த சோதனைகளுக்காக அலென் ஆஸ்பெ, ஜான் கிளாசர் ஆகியோருடன் 2022 ஆம் ஆண்டிற்கான இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒவ்வொரு துகளையும் இருவேறு வகையில் அளவிடலாம் என்க. இவற்றை எக்ஸ் திசை, ஒய் திசை எனக் குறிப்பர். எத்திசையில் அளந்தாலும் விடை 0 அல்லது 1 எனச் சம வாய்ப்புடன் வரும். தனித்தனியே பார்த்தால் நாணயத்தைச் சுண்டியது போன்றதே. ஆயினும் மூன்று விடைகளையும் ஒன்றாகப் பார்த்தால் உறுதியான விதிகள் தென்படும்.

* மூவரும் எக்ஸ் திசையில் அளந்தால், விடைகளில் 1 இன் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை.
* ஒருவர் எக்ஸ் திசையிலும் மற்ற இருவர் ஒய் திசையிலும் அளந்தால், 1 இன் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை.
* ஒருவர் மட்டுமோ, மூவருமோ ஒய் திசையில் அளந்தால், விடைகளுக்கிடையே எத்தொடர்பும் இல்லை.

முன்னர்க் கண்ட இருவர் பகிர்வுடன் இதனை ஒப்பிட்டால் ஒற்றுமை புலப்படும். அங்கு ஒருவர் கணக்கிட்டு உருவாக்கிய தொடர்பை, இங்கு இயற்கையே மூன்று துகள்களுக்கிடையே அமைத்துத் தருகிறது. செய்தி எந்தத் துகளிலும் இல்லை. துகள்களுக்கிடையிலான தொடர்பிலேயே உள்ளது.

ஹில்லரி-பூஷெக்-பெர்தியோம் முறை

மறைகுறியீட்டியல் நூல்களின் வழக்கப்படி, இரகசியத்தைப் பங்கிடுபவரை ஆலிஸ் என்றும், பங்கு பெறுபவர்களை பாப், சார்லி என்றும் அழைப்போம். ஆலிஸ் தொலைவிலுள்ள இவ்விருவருக்கும் ஒரு பணியை ஒப்படைக்க விரும்புகிறார். இருவருள் ஒருவர் நேர்மையற்றவராக இருக்கலாம். யார் என அவருக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து செயற்பட்டால், நேர்மையானவர் மற்றவரைத் தவறு செய்யவிடாமல் தடுப்பார் என்பது அவரது எதிர்பார்ப்பு.

1. ஆலிஸ் மேற்கூறிய மூன்று துகள் நிலையை உருவாக்கி, ஒரு துகளைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மற்றவற்றை பாப், சார்லி ஆகியோருக்கு ஒவ்வொன்றாக அனுப்புகிறார்.
2. மூவரும் தத்தம் துகளை எக்ஸ் அல்லது ஒய் திசையில், தற்போக்காகத் தேர்ந்து அளவிடுகின்றனர். விடையை வெளியிடுவதில்லை.
3. பாப், சார்லி ஆகியோர் தாம் அளந்த திசையை மட்டும் ஆலிசுக்குத் தெரிவிக்கின்றனர். ஆலிஸ் மூன்று திசைகளையும் இருவருக்கும் அறிவிக்கிறார்.
4. ஒய் திசை ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைந்த சுற்றுகள் கழிக்கப்படுகின்றன. எட்டுச் சேர்க்கைகளுள் நான்கு இவ்வாறு கழிவதால், சராசரியாகப் பாதிச் சுற்றுகளே எஞ்சும்.
5. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சோதனைக்கு எடுக்கப்பட்டு, அவற்றின் விடைகள் வெளியிடப்படுகின்றன. மேற்கூறிய விதிகளுக்கு அவை பொருந்தாவிடில் ஒற்றுக் கேட்டல் நிகழ்ந்துள்ளதெனக் கொண்டு எல்லாவற்றையும் கைவிடுவர்.
6. மற்றச் சுற்றுகளில் ஆலிஸ் பெற்ற விடைகளே திறவுகோல். அதனுடன் தமது செய்தியைப் பிட்டுக் கூட்டல் செய்து, மறைக்கப்பட்ட செய்தியை ஆலிஸ் வெளிப்படையாகவே அனுப்பிவிடலாம்.

எட்டுச் சுற்றுகள் கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திசைகள் ஆலிஸ், பாப், சார்லி என்னும் வரிசையில் தரப்பட்டுள்ளன.

* சுற்று 1: எக்ஸ், எக்ஸ், எக்ஸ். பாப் 1, சார்லி 1. எனவே ஆலிஸ் 0.
* சுற்று 2: எக்ஸ், ஒய், எக்ஸ். கழிக்கப்படுகிறது.
* சுற்று 3: ஒய், எக்ஸ், ஒய். பாப் 0, சார்லி 0. எனவே ஆலிஸ் 1.
* சுற்று 4: ஒய், ஒய், ஒய். கழிக்கப்படுகிறது.
* சுற்று 5: எக்ஸ், ஒய், ஒய். பாப் 1, சார்லி 0. எனவே ஆலிஸ் 0.
* சுற்று 6: எக்ஸ், எக்ஸ், ஒய். கழிக்கப்படுகிறது.
* சுற்று 7: ஒய், ஒய், எக்ஸ். பாப் 1, சார்லி 1. எனவே ஆலிஸ் 1.
* சுற்று 8: ஒய், எக்ஸ், எக்ஸ். கழிக்கப்படுகிறது.

ஆலிசின் திறவுகோல் 0101. செய்தி 1100 ஆயின் அவர் அனுப்புவது 1001. பாப் தம்மிடமுள்ள 1, 0, 1, 1 என்னும் விடைகளைக் கொண்டு, ஆலிசின் விடையும் சார்லியின் விடையும் ஒன்றா வேறா என்பதை மட்டுமே அறிவார். அவை எவை என அறியார். சார்லியின் நிலையும் இதுவே. இருவரும் விடைகளை ஒன்றுசேர்த்தால் நான்கு பிட்டுகளும் ஐயமின்றிக் கிடைக்கும்.

இம்முறை பற்றி ஒரு தவறான கருத்து நிலவுகிறது. பின்னிப்பிணைந்த துகள்கள் வழியாகச் செய்தியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நொடியில் தாவுகிறது எனச் சிலர் கருதுவர். அது சரியன்று. துகள்கள் தருவது தற்போக்கான திறவுகோலை மட்டுமே. திசைகளை அறிவிப்பதும், மறைக்கப்பட்ட செய்தியை அனுப்புவதும் தொலைபேசி, இணையம் போன்ற சாதாரண வழிகளிலேயே நிகழ்கின்றன. ஆகவே ஒளியின் வேகத்தை மீறிச் செய்தி எதுவும் செல்வதில்லை.

கார்ல்சன், கோஅஷி, இமோட்டோ முறை

அதே 1999 ஆம் ஆண்டில் ஆண்டர்ஸ் கார்ல்சன், மசாட்டோ கோஅஷி, நொபுயுக்கி இமோட்டோ ஆகியோர் இரண்டு துகள்களின் பின்னிப்பிணைந்த நிலைகளைக் கொண்டே இப்பணியைச் செய்யும் முறையை வெளியிட்டனர். பங்கிடுபவர் பல நிலைகளுள் ஒன்றைத் தற்போக்காகத் தேர்ந்து, இணையின் துகள்களை ஆளுக்கொன்றாக அனுப்புகிறார். எந்த நிலை அனுப்பப்பட்டது என்பதே இரகசியம். மூன்று துகள் நிலையைவிட இரண்டு துகள் நிலையை உருவாக்குவது எளிது என்பது இதன் சிறப்பு.

உள்ளிருக்கும் எதிரி

குவாண்டம் திறவுகோல் பரிமாற்றத்தில் எதிரி வெளியார். இரகசியப் பகிர்விலோ எதிரி பங்குதாரராகவே இருக்கலாம். அவரிடம் உண்மையான துகள் ஒன்று உள்ளது. சோதனையின்போது அவரும் விடை சொல்லும் உரிமை பெற்றவர். ஆகவே அவரது தாக்குதலே மிகக் கடுமையானது.

பாப் நேர்மையற்றவர் எனக் கொள்வோம். சார்லிக்குச் செல்லும் துகளை அவர் வழியில் பிடித்துக்கொள்கிறார். அதற்குப் பதிலாக, தாமே உருவாக்கிய பின்னிப்பிணைந்த இணையொன்றின் ஒரு துகளைச் சார்லிக்கு அனுப்பி, மற்றதைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். பின்னர் எதனையும் அளவிடாமல், ஒரு குவாண்டம் நினைவகத்தில் சேமித்துக் காத்திருக்கிறார். தமது திசை எனத் தற்போக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறார்.

எல்லாருடைய திசைகளும் அறிவிக்கப்பட்டபின், தம்மிடமுள்ள இரு உண்மையான துகள்களை ஆலிசின் திசைக்கு ஏற்ப அளந்து ஆலிசின் பிட்டை முழுமையாக அறிந்துகொள்கிறார். தாம் வைத்திருக்கும் இணைத் துகளைச் சார்லியின் திசைக்கு ஏற்ப அளந்து சார்லியின் விடையையும் அறிந்துகொள்கிறார். சோதனையில் விதிக்குப் பொருந்தும் விடையைக் கணக்கிட்டுச் சொல்வது இனி அவருக்கு எளிது. பிழை எதுவும் தோன்றாது. இரகசியம் முழுவதும் ஒருவர் கையிலேயே சேர்ந்துவிடும்.

இங்குக் குவாண்டம் இயற்பியல் தவறிவிடவில்லை. தவறியது, யார் எதனை எப்போது சொல்ல வேண்டும் என்னும் ஒழுங்கு ஆகும். பிறர் சொன்னதைக் கேட்டபின் பேசும் வாய்ப்பே ஏமாற்றுபவரின் பலம். எனவே வெளியிடும் வரிசையை எவ்வாறு அமைப்பது என்பது தொடக்க காலக் கட்டுரைகளிலேயே ஆராயப்பட்டது. 2007 ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் சிலர், ஹில்லரி முதலியோரின் முறையில் நேர்மையற்ற பங்குதாரர் எந்நிபந்தனைகளில் பிழை எதுவும் தோன்றாமல் முழு இரகசியத்தையும் பெறலாம் என்பதைப் பொதுவாக நிறுவி, முதலில் முன்வைக்கப்பட்ட வடிவில் அம்முறை உள்ளிருக்கும் எதிரிக்கு எதிராகப் பாதுகாப்பானது அன்று எனக் காட்டினர்.

இதற்குரிய தீர்வுகளுள் ஒன்று பொறித் துகள்களைக் கலப்பது. ஆலிஸ் தாம் மட்டுமே அறிந்த நிலைகளிலுள்ள தனித்துகள்களை, தாம் மட்டுமே அறிந்த இடங்களில் கலந்து சார்லிக்கு அனுப்புகிறார். எல்லாத் துகள்களும் வந்து சேர்ந்தன எனச் சார்லி உறுதி செய்த பின்னரே, பொறித் துகள்களின் இடங்களையும் அவற்றை அளக்க வேண்டிய திசைகளையும் ஆலிஸ் அறிவிக்கிறார். பாப் துகள்களை மாற்றி வைத்திருந்தால், மாற்றுத் துகள் ஒவ்வொன்றும் சரியான விடை தரும் வாய்ப்பு பாதியே. 20 பொறித் துகள்களிலும் அவர் தப்பும் வாய்ப்பு 10,48,576 இல் ஒன்று ஆகும். இச்சோதனையில் பாபின் சொல்லுக்கு இடமே இல்லை என்பதே இதன் வலிமை.

குவாண்டம் நிலையைப் பங்கிடுதல்

1999 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கிளீவ், டேனியல் காட்ஸ்மன், ஹோய்-குவாங் லோ ஆகியோர் வேறொரு வினாவை எழுப்பினர். இரகசியமே ஒரு குவாண்டம் நிலையாயின் அதனை எவ்வாறு பங்கிடுவது? மூவருள் எந்த இருவரும் மீட்கக்கூடிய ஒரு திட்டத்தை அவர்கள் எடுத்துக்காட்டாகத் தந்தனர். இதில் 0, 1, 2 என மூன்று மதிப்புகளை ஏற்கும் கியூட்ரிட்டுகள் பயன்படுகின்றன.

* 0 என்னும் நிலை |000⟩ + |111⟩ + |222⟩ ஆக மாற்றப்படுகிறது.
* 1 என்னும் நிலை |012⟩ + |120⟩ + |201⟩ ஆக மாற்றப்படுகிறது.
* 2 என்னும் நிலை |021⟩ + |102⟩ + |210⟩ ஆக மாற்றப்படுகிறது.

மூன்று வரிகளிலும் எந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தாலும் 0, 1, 2 ஆகியவை சம அளவில் வருகின்றன. ஆகவே தனியொருவர் எதனையும் அறிய முடியாது. இரு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முதல் இரண்டு இடங்கள் முதல் வரியில் எப்போதும் சமம். இரண்டாம் வரியில் இரண்டாவது எண், 3 ஆல் வகுத்த மீதிக் கணக்கில், முதலாவதைவிட 1 அதிகம். மூன்றாம் வரியில் 2 அதிகம்.

மீட்பதற்கு முதல் இருவரும் பின்வருமாறு செய்வர். முதல் பங்கின் மதிப்பை இரண்டாவதுடன் கூட்டுவர். பின்னர் இரண்டாவதன் புதிய மதிப்பை முதலாவதுடன் கூட்டுவர். எல்லாம் 3 ஆல் வகுத்த மீதிக் கணக்கே. எடுத்துக்காட்டாக 12 என்பது முதலில் 10 ஆகி, பின்னரும் 10 ஆகவே நிற்கும்; 20 என்பது 22 ஆகிப் பின்னர் 12 ஆகும்; 01 என்பது 01 ஆகவே நின்று பின்னர் 11 ஆகும். மூன்றிலும் முதல் இடத்தில் 1 வந்துவிட்டது. இவ்வாறு இரகசிய நிலை முதல் துகளில் மீண்டும் உருவாகிறது. இக்கூட்டல்கள் அளவிடாமலேயே செய்யப்படுவதால் மேற்பொருந்தல் சிதைவதில்லை.

இவ்வகைத் திட்டங்களுக்கு மரபுவழிப் பகிர்வில் இல்லாத ஒரு வரம்பு உண்டு. நால்வருள் எந்த இருவரும் மீட்கலாம் என்னும் திட்டம் ஷமீரின் முறையில் இயலும். குவாண்டம் நிலைக்கு அது இயலாது. ஏனெனில் முதல் இருவர் ஒரு முறையும் எஞ்சிய இருவர் மற்றொரு முறையும் மீட்டால், ஒரே நிலைக்கு இரண்டு படிகள் கிடைத்துவிடும். அது படியெடுக்கவியலாத் தேற்றத்துக்கு முரண். எனவே மீட்பவர் எண்ணிக்கை எப்போதும் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். இந்நிபந்தனைக்கு உட்பட்ட எல்லா எண்ணிக்கைகளுக்கும் திட்டம் அமைக்கலாம் என்பதையும் மேற்கூறிய மூவர் நிறுவினர். இழந்த துகள்களை ஈடுசெய்யும் குவாண்டம் பிழைதிருத்தக் குறிகளுக்கும் இத்திட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஐந்து கியூபிட் பிழைதிருத்தக் குறி, ஐவருள் மூவர் மீட்கும் திட்டமாகவும் பயன்படும்.

சோதனைகள்

* 2001: ஜெனீவாவில் வொல்ஃப்காங் டிட்டெல், ஹ்யூகோ ஸ்பிண்டன், நிக்கோலா ஜிசான் ஆகியோர் முதல் செய்முறை விளக்கத்தை வெளியிட்டனர். உண்மையான மூன்று ஃபோட்டான் நிலைக்குப் பதிலாக, ஃபோட்டான் இணையையும் அதனை உருவாக்கும் லேசர்த் துடிப்பையும் சேர்த்து, அதையொத்த தொடர்புகளைப் பெற்றனர்.
* 2004: ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில், ஒளிக்கற்றையின் தொடர் மதிப்புப் பண்புகளைக் கொண்டு, மூவருள் எந்த இருவரும் குவாண்டம் நிலையை மீட்கும் திட்டம் செய்துகாட்டப்பட்டது.
* 2005: சீனாவில் பல ஃபோட்டான் பின்னிப்பிணைவைக் கொண்டு இரகசியப் பகிர்வு நிகழ்த்தப்பட்டது. அதே ஆண்டில், பின்னிப்பிணைவே இல்லாமல் ஒரே கியூபிட்டை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு வரிசையாக அனுப்பிச் செய்யும் முறை ஆறு பேரைக் கொண்டு சோதிக்கப்பட்டது.
* 2014: 2008 இல் டேமியன் மார்க்கம், பாரி சாண்டர்ஸ் ஆகியோர் முன்வைத்த, வரைபு நிலைகள் என்னும் பின்னிப்பிணைந்த நிலைகளைப் பயன்படுத்தும் பகிர்வு முறை ஃபோட்டான்களைக் கொண்டு செய்துகாட்டப்பட்டது.

ஒப்பீடும் வரம்புகளும்

இப்பணியைச் செய்ய வேறொரு வழியும் உண்டு. ஆலிஸ் பாபுடன் ஒரு திறவுகோலையும் சார்லியுடன் ஒரு திறவுகோலையும் தனித்தனியே குவாண்டம் முறையில் உருவாக்கிக்கொண்டு, செய்தியை அவ்விரண்டுடனும் பிட்டுக் கூட்டல் செய்து அனுப்பலாம். கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றே. மூன்று துகள் முறை இரு பணிகளையும் ஒன்றாக்குகிறது. சாதாரணச் செய்தியைப் பங்கிடுவதற்கு அது இன்றியமையாதது அன்று. குவாண்டம் நிலையைப் பங்கிடுவதற்கோ பின்னிப்பிணைவு இன்றியமையாதது.

தொலைவு ஒரு பெருந்தடை. ஒளியிழையில் 1550 நானோமீட்டர் அலைநீள ஒளி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் இழக்கும். 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு ஃபோட்டானே எஞ்சும். பாப், சார்லி இருவரும் 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பின், இரு துகள்களும் ஒருங்கே சேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. பெறுபவர் நால்வராயின் பத்தாயிரத்தில் ஒன்று.

மேலும் இரு வரம்புகளைக் கருத வேண்டும். திசைகளை அறிவிக்கும் சாதாரண வழியில் பேசுபவர் இன்னார் என்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் இடையிலிருப்பவர் இருபுறமும் ஆள்மாறாட்டம் செய்யலாம். இரண்டாவதாக, பங்குதாரர்கள் கூடும் நாளில் ஒருவர் பொய்யான பிட்டுகளைச் சொன்னால் செய்தி கிடைக்காது. அவர் மற்றவரது பிட்டுகளைக் கேட்டுக்கொண்டு தமது பிட்டுகளை மறைக்கவும் கூடும். துகள்களின் பயணத்தைக் குவாண்டம் இயற்பியல் காக்கும். பயணம் முடிந்தபின் மனிதர் மெய் சொல்வாரா என்பதை அது காக்காது. அதற்குத் தனியான சரிபார்ப்பு முறைகள் தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* குவாண்டம் இயக்கவியல்
* குவாண்டம் மறைகுறியீட்டியல்
* குவாண்டம் பின்னிப்பிணைவு
* படியெடுக்கவியலாத் தேற்றம்
* ஷமீரின் இரகசியப் பகிர்வு
* கியூபிட்